பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த காலம்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு கைகளைத் தேய்ப்பார்கள். எனக்கு அந்தக் குளிர் ஒன்றும் பெரிதில்லை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் கவலை என் கால்களைப் பற்றியது. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள் கறுத்துக் கிடந்தன. பாவாடையின் ஓரத்தை இழுத்து மறைத்துக்கொண்டே நிற்பேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். விஞ்ஞான பீடத்தில் கம்ப்யூட்டரும் ஒரு பாடமாகப் புதிதாக வந்திருந்தது. அது என்னவென்று சரியாகத் தெரியாமலேதான் எடுத்தேன். கணக்கு நன்றாக வரும்; கணக்கோடு சேர்ந்தது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஒரு மெஷினுக்கு நாலைந்து பேர். ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். அட்டனில் தமிழில் படித்த எனக்கு விரிவுரையில் பாதி காதில் விழுந்து பாதி நழுவிப் போகும். விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு விடுதிக்கு வந்து அகராதியைப் புரட்டுவேன். விஷயம் என்னவோ பிடிபட்டது. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒன்றையும் விட்டுவிடாமல், யோசிக்கத் தெரியாத ஒன்றுக்குச் சொல்லிக் கொடுப்பது. அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. ஆனால் அந்த விசைகளை நான் தொட்டதே இல்லை என்று சொல்லலாம்.

முதல் செய்முறைப் பரீட்சையில் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்தார்கள். கடதாசியில் புரோகிராமைச் சீக்கிரமே எழுதி முடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டினேன். பாதி ஏற்றுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பயிற்றுனர் வந்து என் கடதாசியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். உனக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் இப்படி இருந்தால் உன்னை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தவர் போல நின்றார்.

வேலை என்ற ஒன்றை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதுதான் நான் அறிந்த எல்லை. விடுதியில் மற்றவர்கள் வங்கிகளைப் பற்றியும் கொழும்பில் திறக்கும் கம்பனிகளைப் பற்றியும் பேசுவார்கள்; அவர்களுக்கு அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள். எனக்கு மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவும், தொழிற்சாலையில் தேயிலை வாட்டும் மாடியில் வேலை செய்யும் அப்பாவும் இருந்தார்கள்.

இரண்டாம் தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் எல்லாம் நின்றுபோனது. நாட்டில் எங்கு பார்த்தாலும் கிளர்ச்சி, வேலைநிறுத்தம், ஊரடங்கு. பல்கலைக்கழக வளவுக்குள் சுவரொட்டி ஒட்டியதற்காகப் பையன்களைத் தேடிப் படையினர் வந்தார்கள். ஒரு காலையில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் துணிப்பெட்டியோடு ரயிலேறி அட்டனில் இறங்கி, பஸ் பிடித்து லயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதத்தில் திறப்பார்கள் என்று நினைத்தேன். திறக்கவில்லை. விடியுமுன் அம்மா பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார். அங்கே பெயர் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு ஏற வேண்டும். அப்பாவும் போய்விடுவார். நான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருப்பேன். லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையொன்றில் விசைப்பலகையை வரைந்து, எழுத்துகளை எழுதி, மடியில் வைத்துத் தட்டிப் பழகினேன். ஒருநாள் அம்மா மத்தியானம் வந்தவர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்துக் காம்பரா அக்காவிடம், பிள்ளைக்கு ஏதோ மனசு சரியில்லை, அட்டையைப் போட்டுக் குத்திக்கொண்டு இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பாவுக்கு வேறு எண்ணம். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களை எடுக்கிறார்கள், விண்ணப்பித்தால் எனக்கு நிச்சயம் கிடைக்கும் என்றார். கையில் கிடைப்பதை விட்டுவிட்டு எப்போது திறக்கும் என்று தெரியாத ஒன்றுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. 

அந்த நேரத்தில்தான் அக்கா தீபாவளிக்கு வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போன ஒரு காலம் வந்தது. அரிசி இல்லை, மாவு இல்லை. மரவள்ளிக்கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றோம். அப்போது லயத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வெளியே அனுப்பினார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. நுவரெலியாவில் ஓர் அதிகாரியின் பங்களாவுக்கு அவளை அனுப்பினார்கள். நான் சின்னப் பிள்ளை. அவள் போன நாள் எனக்கு ஞாபகமில்லை. அவள் இல்லாததுதான் ஞாபகம். பாயில் கால் நீட்டிப் படுக்க எனக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவள் வருஷத்தில் ஓரிரு முறை வருவாள். நல்ல துணி உடுத்தியிருப்பாள். லயத்துப் பேச்சோடு சிங்களமும் கலந்து பேசுவாள். மற்ற வீடுகளில் தங்கைகள் அக்காவை நீ, வா, போ என்பார்கள். எனக்கு அந்த நெருக்கம் வரவில்லை. நீங்க என்றுதான் கூப்பிடுவேன். அவளும் அதை மாற்றச் சொன்னதில்லை.

அந்தத் தீபாவளிக்கு வந்தவள் என் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மாத்தியாவின் ஆபீசுக்கு இப்படி ஒரு மெஷின் வந்திருப்பதாகச் சொன்னாள். மாத்தியா என்பது அவள் வேலை செய்த வீட்டு ஐயா. தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு காரியாலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டுவிட்டாள். சில வாரங்களில் தோட்டத்து லொறி டிரைவர் மூலம், என்னை வரச் சொல்லித் தகவல் வந்தது.

நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனேன். பங்களாவின் பின்பக்க வாசலில் அக்கா நின்றாள். என் தலைமுடியைச் சரிசெய்து, முன்பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னாள். நான் முன் வாசல் வழியாகப் போனேன். மாத்தியா என்னை வரவேற்பறையில் நாற்காலியில் உட்காரச் சொன்னார். வீட்டு அம்மாவான நோனாவும் பக்கத்தில் இருந்தார். மாத்தியா ஆங்கிலத்தில் கேட்டார், நான் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னேன். எதைப் படிக்கிறாய், எதற்காகப் படிக்கிறாய், என்ன செய்யப் போகிறாய். மூன்றாவது கேள்விக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது அக்கா தட்டில் தேநீர் கொண்டு வந்தாள். மாத்தியாவுக்கும் நோனாவுக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து குனிந்து தட்டை நீட்டினாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாதி எழுந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மீண்டும் உட்கார்ந்து கோப்பையை எடுத்தேன். அவள் போய்விட்டாள். மாத்தியா எதையும் கவனிக்காதவர் போல, அடுத்த திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்றார்.

அக்காவின் அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டிலும் ஒரு மரப்பெட்டியும் வைத்தால் நிறைந்துவிடும் அறை. அங்கே உட்கார்ந்து அக்கா சொன்னாள்:

"நீ அந்த நாக்காலியில உக்காந்தது எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? நீ ஏன் எந்திரிச்ச? அதான் எனக்கு வெக்கமாப் போச்சு."



அந்த அறையிலேயே நானும் தங்கினேன். அக்கா கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். காலையில் நான் ஆபீசுக்குப் போவேன். பின்னேரம் வந்து அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பேன், துணி மடிப்பேன். நோனா ஒன்றும் சொல்ல மாட்டார். முதலில் உதவியாக இருந்தது கொஞ்ச நாளில் வழக்கமாகிவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வரும் சத்தம் கேட்டதும் நோனா உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வேலையையும் அவளே முந்திக்கொண்டு செய்துவிடுவாள்.

ஆபீஸில் ஒரு மெஷின்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதைக் கவனித்துக்கொண்டவர் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முதல் நாள் என் ஒற்றை விரல் தட்டலைப் பார்த்துவிட்டு, ஒரு கைக்குட்டையை எடுத்து என் கைகளின் மேல் போட்டார். இனி விரலைப் பார்க்கக் கூடாது என்றார். கைக்குட்டைக்குக் கீழே என் விரல்கள் குருடாகத் தடவின. மூன்று வாரத்துக்கு எல்லாமே பிழை. ஒருநாள் காலை, எப்படி என்று தெரியவில்லை, ஒரு வரி முழுதும் பிழையில்லாமல் வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தோட்டங்களிலிருந்து வரும் பெயர்களையும் விவரங்களையும் மெஷினில் ஏற்றுவது என் வேலை. ஒரே பெயரை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். மாரியாயி, மாரியாய், மரியாய் என்று மூன்று பெண்கள் போலத் தெரியும்; ஆள் ஒருத்திதான். அந்தப் பெயர்களின் சத்தம் எனக்குத் தெரியும் என்பதால், எது எது ஒன்று என்று பிரிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். கண்டி அக்கா அதை மாத்தியாவிடம் காட்டினார். அவர் என் பக்கத்தில் நின்று, இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் விளக்கினேன். இலக்கணப் பிழைகள் இருந்திருக்கும். ஆனால் நடுவில் நிற்காமல் சொல்லி முடித்தேன். உன் படிப்பு முடிந்ததும் இங்கேயே வரலாம் என்றார்.

அந்த மாதங்களைப் போல நான் எதையும் அவ்வளவு வேகமாகக் கற்றதில்லை. தொலைபேசியில் பேசக் கற்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றேன். மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்காரக் கற்றேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பல்கலைக்கழகம் திறக்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாட்களில் தோன்றியது.

அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர். தீபாவளிக்கு வந்தபோது கோயிலில் வைத்து இவளைப் பார்த்திருக்கிறார். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. கிழங்கு தோலுரிக்கும்போது, ஆஸ்பத்திரிக் கோட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்குமா என்று கேட்டாள். அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

தை பிறந்து சில நாள் கழித்து, மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வேண்டும் என்று நெருக்கியதால், அம்மா நுவரெலியாவுக்கு வந்தார். நல்ல நாளில் உடுத்தும் சேலை, மேலே பழைய கம்பளிச் சட்டை. கூடையில் எங்கள் தோட்டத்துப் பீர்க்கங்காய் நாலைந்து கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். பின் வாசல் படியில் அம்மா உட்கார்ந்தார். நோனா சமையலறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார். அம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான் வரும். நோனாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா நின்றாள். நான் உள்ளே அக்காவின் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

அம்மா, பெரிய பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். அக்கா அதைச் சிங்களத்தில் நோனாவுக்குச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

 நோனா கோபமே இல்லாத குரலில் சொன்னார். இவளை நாங்கள் சின்னதிலிருந்து வளர்த்தோம். சின்னவளுக்கும் மாத்தியா எவ்வளவோ செய்திருக்கிறார். பெரியவளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால், சின்னவளுக்கு மட்டும் எங்களால் எப்படிச் செய்ய முடியும்? அவளும் போக வேண்டியதுதான். யோசித்துப் பார்க்கச் சொல்.

என் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. விடுதியில் பழகி எனக்குச் சிங்களம் தெரியும் என்பதை நோனா மறந்திருக்கலாம். அல்லது நான் கேட்பதைப் பற்றி அவர் கவலைப்படாமல் இருந்திருக்கலாம்.

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நோனா போகத்தாம்மா சொல்றாங்க. நாந்தான் இப்ப வரல. பாப்பாவுக்குப் பரீட்ச வருது, நான் இல்லாட்டி அது சாப்புடாது. மாப்பிள்ள வீட்டுல கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

பாப்பா என்பது அந்த வீட்டின் கடைசிப் பெண். அக்கா கையில் வளர்ந்த பிள்ளை.

"பொறுக்க மாட்டாங்கடி," என்றார் அம்மா. "வேற எடத்துலயும் பேசிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப வேற எடத்துல பாத்துக்கட்டும்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டுச் சாப்பாடும் துணியும் பழகிப்போய், லயத்துப் பக்கம் வர மகளுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டார். அதை அவர் முகத்தில் நான் பார்த்தேன். கூடையைக் காலி செய்து பீர்க்கங்காய்களைப் படியில் அடுக்கிவிட்டு எழுந்தார். பஸ் வரை கூடப் போன என்னிடம், உங்க அக்கா மாறிட்டா என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். அக்கா மறைத்ததை அவளைக் கேட்காமல் சொல்லவும் தைரியம் வரவில்லை. பஸ் போன பிறகு குதிரைப் பந்தயத் திடலின் ஓரமாக வெகுநேரம் நடந்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அக்கா அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நோனா சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "கேட்டா என்ன? மெஷின் வேலய முழுசாக் கத்துக்க. நான் இத்தன வருசம் இருந்தவ. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா தேஞ்சிடுவேனா?"

"நீ எனக்காக இங்க இருக்க வேணாம்."

அவளை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை. எனக்கே பிறகுதான் உறைத்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒனக்காக இல்ல," என்றாள். "நான் போனது போனதுதான். அதுல ஒருத்தியாச்சும் மேல வரணும். இல்லாட்டி நான் எதுக்குப் போனேன்?"

   எனக்குத் தெரிந்ததெல்லாம், நாளைக்கு அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தால் என் விரல்கள் நகராது என்பதுதான்.

மறுநாள் மாத்தியாவின் அறைக்குப் போனேன். முன்கூட்டியே மனதுக்குள் எழுதிப் பார்க்காமல் நான் பேசிய முதல் ஆங்கிலம் அது. என் அக்கா வீட்டுக்குப் போக விரும்புகிறாள், அவளை இங்கே பிடித்து வைக்க என் வேலை ஒரு காரணமாக இருக்கக் கூடாது, அதனால் நான் நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவதில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீ தொடர்ந்து வரலாம் என்றார். நான் தங்கியிருப்பது உங்கள் வீட்டில்தானே சேர் என்றேன். இந்த ஊரில் எனக்கு வேறு இடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். உன் வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு இனி வராமலே போகலாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அங்கே வேலை பழகியதற்கு ஒரு சான்றிதழ் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவரும் கொடுக்கவில்லை. கண்டி அக்கா, தான் தட்டச்சுப் பழகிய பழைய புத்தகத்தை என் பையில் திணித்தார்.

நான் செய்ததை அக்காவிடம் சொன்னேன். பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா என்னைய என்னன்னு நெனச்சுக்கிட்டு போனாங்கன்னு பாத்தியில்ல? அது எல்லாத்தையும் நான் எதுக்குத் தாங்கிக்கிட்டேன்? ஒரே நாள்ல ஒண்ணுமில்லாம ஆக்கிட்ட."

"இனிமே ஒன்னைப் புடிச்சு வைக்க அவுங்ககிட்ட ஒண்ணும் இல்ல. வா, போயிரலாம்," என்றேன்.

அவள் வரவில்லை. நீ போ என்றாள். நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். கிளம்பும்போது அவள் பின் வாசலுக்குக்கூட வரவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகம் அப்போதும் திறக்கவில்லை. அப்பா ஆசிரியர் வேலைப் பேச்சை மறுபடி எடுத்தார். கையிலிருந்ததையும் விட்டுவிட்டு வந்தவள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பேசும்போதும் அது அவர் வாயோரம் வந்து நிற்கும். நான் விண்ணப்பத்தை எடுத்து வந்தேன். நிரப்பாமல் வைத்திருந்தேன். கண்டி அக்காவின் புத்தகத்தை மடியில் வைத்து அட்டையில் தட்டுவதும், பின்னேரம் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுமாக நாள் போனது.

மழை தொடங்கிய ஒரு மாதத்தில், காலை பனி விலகும் நேரம், தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் அக்கா ஒரு பையோடு வந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். முதலில் அவள் சொன்னது, "பாப்பா ரொம்ப அழுதிச்சு" என்பதுதான். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். நான் ஈரக் கையோடு நின்றேன்.

பிறகு சொன்னாள். நான் வந்த பிறகு நோனா அவளோடு அதிகம் பேசவில்லை. கடைசியில், நீ போவதென்றால் போ, உன் தோட்டத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போ என்றார். பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தால் நல்லது, பழக்கிக்கொள்ளலாம் என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாளாம். அந்த வாரம் முழுதும், லயத்தில் யார் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருக்கிறது என்று யோசித்தாளாம். மூன்று வீடு ஞாபகம் வந்ததாம்.

"யோசிச்சிட்டேன் பாரு," என்றாள். "யோசிச்ச ஒடனே எனக்கு என்னமோ ஆயிருச்சு. என் கையால ஒரு புள்ளயக் கொண்டாந்து அந்த ரூமுல விட மாட்டேன்."

சொல்லிக்கொள்ளாமல் வரவில்லை. நோனாவிடம் நேராகவே சொல்லிவிட்டு, முன் வாசல் வழியாக வந்ததாகச் சொன்னாள்.

லயத்து வாழ்க்கை அவளுக்குப் பழக்கமில்லாமல் போயிருந்தது. விறகு புகையில் இருமினாள். பொதுக் கக்கூஸுக்குப் போகத் தயங்கினாள். தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிரப்பும் கூடையில் பாதிகூட அவளால் நிரப்ப முடியவில்லை. விரலெல்லாம் கீறி வீங்கியது. அம்மா தன் நிரையை விட்டுவிட்டு அவள் நிரைக்கு வந்து சேர்ந்து பறிப்பார். இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. மருந்தெண்ணெய் தடவிவிடும்போது அம்மா அவள் கையை வேண்டியதைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பார்.

என்னோடு அக்கா அளவாகத்தான் பேசினாள். ஆனால் ஒருநாள் சாப்பாட்டின்போது அப்பா விண்ணப்பத்தின் கடைசித் தேதியை ஞாபகப்படுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காதான் பேசினாள்.

"அவளை விடுங்கப்பா. தொறக்கட்டும், போவட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்குறேன்."

அப்பா அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் விண்ணப்பத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வழியாகப் பல்கலைக்கழகம் திறந்தது. கூடப் படித்தவர்களில் சிலர் வரவில்லை. வெளிநாடு போனவர்கள் உண்டு. என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் அறையில் நான் முதல் நாளே நாற்காலியில் உட்கார்ந்தேன். பயிற்றுனர் என் விரல்களைப் பார்த்துவிட்டு எங்கே பழகினாய் என்று கேட்டார். நுவரெலியாவில் ஓர் ஆபீஸில் என்றேன். சான்றிதழ் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பிறகு வேலை தேடிய போதும் ஒவ்வொரு நேர்முகத்திலும் அதையே கேட்டார்கள். அந்த மாதங்கள் எந்தக் கடதாசியிலும் இல்லை. மெஷினைக் காட்டுங்கள், செய்து காட்டுகிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பலர் காட்டவில்லை. கொழும்பில் ஒரு கம்பனி காட்டியது.

வேலை கிடைத்த பிறகு முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. அட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒருவரை அவளே பார்த்து முடிவு செய்திருந்தாள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சோறு போட இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அங்க ஒன்னைய மரியாதையா நடத்துறாங்களா?"

ஆமாம் என்றேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு எந்தத் தோட்டம் என்று கேட்டுச் சிரிப்பவர்கள் அந்த ஆபீஸில் இருந்தார்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. 

"கையக் கழுவிட்டு வா," என்றாள். "சோறு ஆறுது."